செத்த தோலின் வேலை

மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகரை எதிர்கொள்ள, கே.கே. நகரிலிருந்து தல்லாகுளத்துக்கும் மூன்றுமாவடிக்கும் வெறுங்காலோடு நடப்பவர்கள் உண்டு. அவர்கள் பாதத்துக்கும் வெயிலில் காய்ந்த தார்ச்சாலைக்கும் நடுவே நிற்பவை உயிரற்ற செல்கள்தாம். கண்ணிமையில் 0.05 மில்லிமீட்டர் அளவே இருக்கும் மேல்தோல், உள்ளங்காலில் 1.5 மில்லிமீட்டர் வரை தடிக்கிறது. அந்தத் தடிப்பில் பெரும்பங்கு செத்த அடுக்கினுடையது. நாமோ செத்த தோலை அழுக்கோடு சேர்த்துவிட்டோம். பீர்க்கங்கூடு போதாதென்று கடையில் ஸ்கிரப்பும் வாங்கித் தேய்க்கிறோம். மேல்தோல் உருவாகும் விதத்தைப் பார்த்தால், கீழடுக்குகள் படும் பாட்டில் பெரும்பகுதி இந்தச் செத்த அடுக்கை உண்டாக்குவதற்காகத்தான் என்பது விளங்கும்.

அடியடுக்கில் செல்கள் ஓயாமல் பெருகுகின்றன. மெலனின் தயாரிக்கும் செல்களும் அங்கேதான் இருக்கின்றன. கறுத்த தோலிலும் வெளுத்த தோலிலும் அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. நிறமித் துகள்களின் அளவும் பரவலும்தான் வேறு. சிவப்பழகு கிரீம் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. அடுத்தது முள்ளடுக்கு. அங்கே செல்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. கிருமிகளை அடையாளம் காணும் காவல் செல்களும் அங்கே உண்டு. 1868-இல் அவற்றை விவரித்த பால் லாங்கர்ஹான்ஸ், நரம்பு செல்கள் என்றே நினைத்தார். அதற்கும் மேலே உள்ள குருணையடுக்கில்தான் திருப்பம்: செல்கள் கொழுப்பை வெளியே கொட்டி, உட்கருவை இழந்து, சாகின்றன. கெரட்டின் நிறைந்த தட்டைச் செல்கள் செங்கல்லாகவும் செராமைடு, கொலஸ்ட்ரால் முதலிய கொழுப்புகள் சாந்தாகவும் அமைந்து மேற்பரப்புச் சுவர் எழுகிறது. உள்ளங்கை, உள்ளங்காலில் குருணையடுக்குக்கும் இந்தச் சுவருக்கும் இடையே ஒளிபுகும் அடுக்கு ஒன்றும் கூடுதலாக உண்டு.

எப்படியும் உதிரப்போகிற தோல்தானே, தேய்த்து உதிர்த்தால் என்ன என்று கேட்கலாம். செல்களைப் பிணைக்கும் இணைப்புகளை நொதிகள் மெல்ல அறுத்த பிறகே அவை உதிர்கின்றன. கீழிருந்து ஈடு வந்துகொண்டே இருக்கும். அழுத்தித் தேய்த்தால், உதிரும் பருவம் வராத செல்களும் பெயர்ந்துவிடும். ஒட்டுநாடாவால் இந்தச் செத்த அடுக்கைத் திரும்பத் திரும்ப உரித்துப் பார்த்த சோதனைகளில், தோல் வழியே வெளியேறும் நீர் பல மடங்கு கூடியது. மதுரைக் கோடையில் அந்த இழப்பு எரிச்சலாகவும் வறட்சியாகவும் தெரியும். குதிகால் வெடிப்புக்குக் காரணமே தடித்த தோல்தானே என்பது நியாயமான மறுப்பு. ஆனால் தடிப்பு மட்டும் வெடிப்பதில்லை. ஈரம் போய் விறைத்த தடிப்புதான் உடலின் எடை தாங்காமல் பிளக்கிறது. அதனால் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, இலேசாகத் தேய்த்து, ஈரம் காயுமுன் வாசலின் தடவுவது சரியான முறை. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மட்டும் கல்லையோ பிளேடையோ தாமாகத் தொடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலி தெரியாத காலில் சிறு கீறலும் ஆறாத புண்ணாகிவிடக்கூடும்.