கோரையை அடக்கும் நிழல்

ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவில் போய்க் கோமதி அம்மனைத் தரிசித்தவர்கள், ஊரைச் சுற்றியுள்ள கரிசல் காடு பெரும்பாலும் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்திருப்பார்கள். அதே வழியில் கார்த்திகையில் போய்ப் பாருங்கள். மழையை நம்பி விதைத்த பருத்தி இளங்கன்றாக நிற்கும். அதைவிட உற்சாகமாகக் கோரையும் அருகும் தலைகாட்டியிருக்கும். முதுகு நிமிராமல் பெண்கள் களை எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

விதைத்த பயிர் தயங்கி நிற்க, விதைக்காத களை மட்டும் செழிப்பானேன்?

ரகசியம் இலைக்குள் இருக்கிறது. செடி, சூரிய வெளிச்சத்தின் உதவியால் கரியமில வாயுவையும் தண்ணீரையும் கொண்டு தன் உணவைத் தயாரிக்கிறது. வாயு உள்ளே வர இலையிலுள்ள நுண்ணிய துளைகள் திறக்க வேண்டும். திறந்தாலோ, உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாக வெளியேறிவிடும். காற்றுக்காக ஜன்னலைத் திறந்தால் புழுதியும் சேர்ந்து வருகிறதல்லவா, அந்தச் சங்கடந்தான்!

பருத்தி, உளுந்து, நெல் எல்லாம் ஜன்னலை அகலத் திறந்து வைத்தே ஜீவிப்பவை. வெளிச்சம் ஓர் அளவைத் தாண்டினால் அவற்றால் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடியாது. கோரை, அருகு, சாரணை ஆகியவை வேறு ரகம். வாயுவை இலைக்குள்ளேயே ஓரிடத்தில் திரட்டி வைத்துக்கொள்ளும் வித்தை அவற்றுக்குத் தெரியும். ஜன்னல் சற்றே திறந்திருந்தால் போதும். ஒரு குடம் தண்ணீரில் பருத்தி வளர்வதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு வளர்ந்துவிடும். ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இரு விஞ்ஞானிகள் கரும்பு இலையை ஆராய்ந்து, 1966-ல் இந்த வித்தையை விளக்கினார்கள். நம் சோளமும் கம்பும் கேழ்வரகும் இதே ரகந்தான். வானம் பார்த்த பூமிக்கு அவை ஏற்றவையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இந்தச் சாமர்த்தியம் இலவசமாகக் கிடைப்பதல்ல. வாயுவைத் திரட்டக் கூடுதல் சக்தி வேண்டும். அதை வெயில்தான் தர வேண்டும். நிழல் விழுந்தால் களையின் கை தளர்ந்துவிடும். கொல்லை மாமரத்தடியில் அருகம்புல் அடர்ந்து வளராததைக் கவனித்திருப்பீர்களே!

கரிசல் காட்டுச் சம்சாரி பருத்தி வரிசைகளுக்கு நடுவே உளுந்து விதைப்பதில் இந்த லாபமும் இருக்கிறது. பருத்தி ஆரம்பத்தில் மெள்ளத்தான் வளரும். அதற்குள் உளுந்து படர்ந்து தரையை மூடும். எழுபது நாளில் உளுந்து வீடு வந்து சேரும். பிறகு பருத்தி தானே நிழல் விரிக்கும். உளுந்தும் தண்ணீர் குடிக்கத்தான் செய்கிறது. ஆனால் குடித்ததற்குப் பருப்பைத் தருகிறது. வேர் முடிச்சுகளில் தழைச்சத்தைச் சேர்க்கிறது. கோரை என்ன தருகிறது?

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். நிழல் கோரையை அடக்கும், அழிக்காது. அதன் கிழங்கு மண்ணுக்குள் காத்திருக்கும். நிழல் கூடுவதற்கு முந்திய அந்தச் சில வாரங்களில் பயிரைக் காப்பவை களை எடுக்கும் பெண்களின் கைகளே. நாள் தவறினால், மண்ணிலுள்ள கொஞ்ச ஈரமும் களைக்கே போய்ச் சேரும்.

நாளைக்கு இட்லிக்கு உளுந்து ஊறப்போடும்போது, அந்தக் கைகளையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.