ஆஸ்துமா நோயாளிகளும் உணவு ஒவ்வாமையும்

உணவு ஒவ்வாமை என்பது, பெரும்பாலோருக்குத் தீங்கு செய்யாத ஓர் உணவிலுள்ள புரதத்தை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் பகையாகக் கருதி எதிர்வினை காட்டுவதாகும். ஆஸ்துமா (ஈழை நோய், இரைப்பு), ஒவ்வாமையால் வரும் மூக்கழற்சி போன்ற சுவாச ஒவ்வாமைகள் உள்ளவர்களிடம் இது மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆனால் தமக்கு உணவு ஒவ்வாமை இருப்பதாக நம்பும் நோயாளிகளின் எண்ணிக்கை, உண்மையில் அது உள்ளவர்களின் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு அதிகம். இதனால் இரண்டு விதமான கேடுகள் விளைகின்றன. வளரும் பிள்ளைகளுக்குப் பால், முட்டை, பழம் எல்லாம் காரணமின்றி நிறுத்தப்படுகின்றன. மறுபுறம், உண்மையான ஒவ்வாமை உள்ள சிலர் அதை வெறும் இரைப்பு என்று எண்ணி உயிராபத்தில் சிக்குகிறார்கள்.

குற்றாலச் சாரலும் நள்ளிரவு இரைப்பும்

இந்தக் குழப்பம் எப்படி எழுகிறது என்பதற்குக் குற்றாலம் நல்ல எடுத்துக்காட்டு. தென்காசியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள இவ்வூரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ‘சீசன்’. தென்மேற்குப் பருவக்காற்று மலையைக் கடந்து வந்து சாரலாகத் தூவும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றால அருவி ஆகியவற்றில் கூட்டம் நிரம்பியிருக்கும். கடைத்தெருவில் ரம்புட்டான், மங்குஸ்தான், துரியன், பலா என்று வேறு ஊர்களில் எளிதில் கிடைக்காத பழங்கள் குவிந்திருக்கும். மாலையில் மிளகாய் பஜ்ஜியும் நேந்திரங்காய் சிப்சும், இரவில் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் சால்னாவும் என்பது பலருடைய வழக்கம்.

ஆஸ்துமா உள்ள ஒரு குழந்தை இப்படி ஒரு நாளைக் கழித்துவிட்டு நள்ளிரவில் இரைக்கத் தொடங்கினால், பெற்றோர் உடனே சுட்டுவது அன்று புதிதாகத் தின்ற ரம்புட்டானைத்தான். ஆனால் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவேண்டியவை வேறு பல இருக்கின்றன. குளிர்ந்த அருவி நீரும் ஈரக்காற்றும் மூச்சுக்குழலைச் சுருக்கக்கூடியவை. சீசன் காலத்தில் அறைகளின் மெத்தை, தலையணை, கம்பளிகளில் ஈரம் ஏறியிருக்கும். வீட்டுத் தூசிப் பூச்சி எனப்படும் நுண்ணுயிரிக்கும் பூஞ்சைக்கும் இந்த ஈரம் மிகவும் உகந்தது. கொசுவர்த்திச் சுருளின் புகை, கூட்டத்தில் தொற்றிய சளிக் காய்ச்சல் வைரசு ஆகியவையும் உண்டு. வயிறு முட்ட உண்டவுடன் படுப்பதால் இரைப்பை அமிலம் மேலேறி இரைப்பைத் தூண்டுவதும் உண்டு. பழத்தின் மேல் பழி போடுவது எளிது. மெத்தையை யாரும் சந்தேகிப்பதில்லை.

ஓரளவு பிரித்தறியக் காலக் கணக்கு உதவும். உணவு ஒவ்வாமை பெரும்பாலும் உண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். தோலில் தடிப்பு, அரிப்பு, உதடு அல்லது கண்ணிமை வீக்கம், வாந்தி, வயிற்று வலி ஆகியவற்றில் ஒன்றாவது பெரும்பாலும் உடன் வரும். வேறு எந்த அறிகுறியும் இல்லாமல் இரைப்பு மட்டும் உணவால் வருவது அரிது. அதே உணவை உண்ணும்போதெல்லாம் அதே தொல்லை வருகிறதா என்பதும் கவனிக்கத்தக்கது.

நம்பிக்கைக்கும் உண்மைக்கும் இடைவெளி

தில்லியில் வல்லபாய் பட்டேல் மார்பு நோய் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் பிறரும் நடத்தி 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இந்த இடைவெளியைத் தெளிவாகக் காட்டுகிறது. ஆஸ்துமாவோ மூக்கழற்சியோ இரண்டுமோ உள்ள 1,860 பேரிடம் (வளர்ந்த சிறுவர்களும் பெரியவர்களும்) விசாரித்தபோது, 1,097 பேர், அதாவது நூற்றுக்கு 59 பேர், ஏதோ ஓர் உணவு தமக்கு ஒத்துக்கொள்வதில்லை என்றனர். அவர்களுள் 470 பேருக்குத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை செய்ததில் 138 பேருக்கு, அதாவது 29 விழுக்காட்டினருக்கு, குறிப்பிடத்தக்க எதிர்வினை தெரிந்தது. இன்ன உணவு தருகிறோம் என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதபடி மறைத்துக் கொடுத்துப் பார்க்கும் சோதனையும் நடத்தி இறுதியாகக் கணக்கிட்டபோது, உண்மையான உணவு ஒவ்வாமை 4.5 விழுக்காட்டினருக்கே இருந்தது.

அங்கே தோல் சோதனையில் முன்னணியில் நின்றவை அரிசி, உளுந்து, மைசூர்ப் பருப்பு, எலுமிச்சை இனப் பழங்கள். அரிசியும் உளுந்தும் என்றால் தமிழர் வீட்டில் இட்லியும் தோசையும்தான். சோதனைத் தாளில் வந்த ஒரு புள்ளியை மட்டும் நம்பி இவற்றை நிறுத்தினால் அந்த வீட்டில் காலை உணவே நின்றுவிடும்.

கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான மற்றோர் ஆய்வும் இதே போக்கைக் காட்டியது. இது நோயாளிகளை அல்லாமல் பொதுமக்களை ஆராய்ந்தது. சோதித்த 24 உணவுகளுள் ஒன்றுக்கேனும் குருதியில் எதிர்ப்பொருள் இருந்தவர்கள் 26.5 விழுக்காடு. ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று கருதப்பட்டவர்கள் 1.2 விழுக்காடு மட்டுமே.

எதிர்ப்பொருள் இருந்தும் ஒவ்வாமை இல்லாதது எப்படி? ஒவ்வாமைக்குக் காரணமான எதிர்ப்பொருள் இமியூனோகுளோபுலின் ஈ. இது உடலிலுள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். உரிய புரதம் வந்து இதைப் பற்றினால் செல் ஹிஸ்டமின் முதலான பொருள்களைக் கொட்டும். தடிப்பு, வீக்கம், மூச்சுக்குழல் சுருக்கம் எல்லாம் அவற்றின் வேலை. ஆனால் எதிர்ப்பொருளின் அளவு குறைவாகவோ, அது புரதத்தைப் பற்றும் வலு குறைவாகவோ இருந்தால் செல் தூண்டப்படுவதில்லை. செரிமானத்தில் சிதைந்துவிடும் புரதங்களும் உண்டு. எனவே தோல் சோதனையும் குருதிச் சோதனையும் ‘இருக்கலாம்’ என்றுதான் சொல்லும். நோயாளியின் அனுபவத்தோடு சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய இயலும். ஜி வகை எதிர்ப்பொருளை அளந்து நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஒரே நேரத்தில் பட்டியல் தரும் சோதனைகள் சில இடங்களில் விற்கப்படுகின்றன. ஜி வகை, ஒருவர் அந்த உணவை உண்டு பழகியிருக்கிறார் என்பதையே பெரும்பாலும் காட்டும். அதற்குச் செலவிடும் பணம் வீண்.

தூசிப் பூச்சியும் இறாலும்

சுவாச ஒவ்வாமைக்கும் உணவு ஒவ்வாமைக்கும் உறவு ஏற்படும் வழிகளுள் சுவையானது, ஒன்றுபோன்ற புரதங்களால் நேர்வது. தூசிப் பூச்சி, கரப்பான், இறால், நண்டு ஆகிய எல்லாவற்றின் தசையிலும் டிரோப்போமயோசின் என்ற புரதம் ஏறக்குறைய ஒரே அமைப்பில் இருக்கிறது. மெத்தைத் தூசியால் பல ஆண்டுகள் தும்மிக்கொண்டிருந்த ஒருவருக்கு இறால் உண்டதும் தொண்டை அரிப்பது இதனால்தான். இந்தப் புரதம் கொதிநீரிலும் எளிதில் சிதையாது. நன்றாக வேகவைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. ஆயினும் தூசி ஒவ்வாமை உள்ளவர் இதுவரை இறால் உண்டு தொல்லை இல்லாதிருந்தால் அதை நிறுத்தவேண்டியதில்லை.

மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்குச் சில பச்சைப் பழங்களும் காய்களும் பட்டவுடன் வாயும் தொண்டையும் அரிக்கும். அதையே சமைத்து உண்டால் பெரும்பாலும் தொல்லை இருக்காது. ரப்பர்ப் பால் கலந்த கையுறை முதலியவற்றால் ஒவ்வாமை கொண்டவர்களில் ஒரு பகுதியினருக்கு வாழைப்பழம், அவகாடோ, கிவி ஆகியவை ஒத்துக்கொள்வதில்லை. மருத்துவப் பணியாளர்களும் பல அறுவை சிகிச்சைகளுக்கு உள்ளானவர்களும் இவ்வகையில் கூடுதல். அன்னாசி நாக்கை அறுப்பது போலிருப்பது வேறு. அது அப்பழத்திலுள்ள புரதச் சிதைப்பு நொதியின் வேலை.

ஒவ்வாமை போலத் தோன்றுபவை

கெட்டுப்போகத் தொடங்கிய சூரை, அயிலை போன்ற மீன்களில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடுவதால் உண்டவர் முகம் சிவந்து உடல் அரிக்கும். ஒரே பந்தியில் பலருக்கு வந்தால் இதுவே காரணமாக இருக்கலாம். உலர்பழங்களிலும் புட்டிப் பழரசங்களிலும் கெடாமலிருக்கச் சேர்க்கப்படும் சல்பைட்டு உப்பு, ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு உண்மையிலேயே இரைப்பைத் தூண்டுகிறது. பால் குடித்தால் சளி கட்டும் என்ற பரவலான எண்ணத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் கிட்டவில்லை.

ஆபத்து எங்கே

உணவு ஒவ்வாமையின் கடுமையான வடிவம் அனாபிலாக்சிஸ். மூச்சுத் திணறல், குரல் மாற்றம், தலைசுற்றல், மயக்கம் ஆகியவை சில நிமிடங்களில் அடுத்தடுத்து வரலாம். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இதனால் உயிரிழக்கும் வாய்ப்பு கூடுதல். ஆகையால் உணவு ஒவ்வாமை உறுதியான நோயாளி, அந்த உணவைத் தவிர்ப்பதோடு, தடுப்பு இன்ஹேலரை நாள்தோறும் தவறாமல் எடுத்து ஆஸ்துமாவை அடக்கி வைப்பதும் சம அளவு முக்கியம்.

இந்நிலையில் முதல் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கத் தசையில் ஊசியாகப் போடப்படும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், பெரியவருக்கு அதிக அளவு 0.5 மில்லிகிராம் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் கணக்கு. அரிப்பு மாத்திரையோ இன்ஹேலரோ இதற்கு ஈடாகாது. தாமதமே பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம் என்பதால், குற்றாலத்தில் இப்படி நேர்ந்தால் ‘பெரிய ஆஸ்பத்திரி’ தேடி ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள திருநெல்வேலிக்கு விரைவதைவிட, 108ஐ அழைத்து அருகிலுள்ள மருத்துவமனையிலோ தென்காசி அரசு மருத்துவமனையிலோ ஊசி போட்டுக்கொள்வதே அறிவு. மயக்கம் வருபவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தவேண்டும். திடீரென்று எழுப்பி நடக்கவைக்கக் கூடாது. மூச்சு வாங்குபவர் உட்கார்ந்திருக்கலாம். தெளிந்த பிறகும் சில மணி நேரத்தில் மீண்டும் வரக்கூடும் என்பதால் மருத்துவமனையில் கண்காணிப்பு தேவை.

தவிர்ப்பதில் உள்ள சிக்கல்

இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் உணவுச் சிப்ப விவரக்குறிப்பு விதிகளின்படி, பசையப் புரதமுள்ள தானியங்கள், இறால் வகை, முட்டை, மீன், நிலக்கடலை மற்றும் கொட்டைப் பருப்புகள், சோயா, பால் ஆகியவையும், ஒரு கிலோவில் 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ உள்ள சல்பைட்டும் சிப்பத்தின் மேல் அறிவிக்கப்படவேண்டும். தெருவோரப் பஜ்ஜிக்குச் சிப்பம் கிடையாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும், அதிலும் தமிழில் ஒரு சொல் இடறிவிடும். கடலை மாவும் கடலைப் பருப்பும் கொண்டைக்கடலை இனத்தைச் சேர்ந்தவை. கடலை எண்ணெயும் கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் நிலக்கடலையில் ஆனவை. ஒன்றுக்கு ஒவ்வாமை உள்ளவர் மற்றொன்றை உண்ண முடிவது பெரும்பாலும் உண்டு, இரண்டும் ஒவ்வாதவரும் உண்டு. ஆகவே கடைக்காரரிடம் “கடலை சேர்த்திருக்கிறீர்களா?” என்று கேட்பதைவிட, நிலக்கடலையா கொண்டைக்கடலையா என்று பெயர் சொல்லியும், பொரித்த எண்ணெய் எது என்றும் கேட்கவேண்டும்.