புள்ளியை நகர்த்திப் பாருங்க!

நடுவர் அவர்களே! கரும்பலகைக்காக வாதாடிய நண்பர், "கணிப்பொறி வந்தா பிள்ளை யோசிக்கவே மாட்டான், எல்லாத்தையும் அதுவே சொல்லிடும்"னு சொன்னார். ஐயா, நானும் கணக்கு வாத்தியார்தான். 20 வருஷம் சாக்பீஸ் தூளைத் தின்னவன். (சிரிப்பு)

அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம். இந்தத் தேற்றத்தை நடத்தாத வாத்தியார் உண்டா? நான் எப்பவும் விட்டத்தைப் படுக்கையாகப் போட்டு, உச்சியை நட்டநடுவில் வைத்து, கோபுரம் மாதிரி ஒரு முக்கோணம் வரைவேன். பையன் அதை அப்படியே மனசுல வாங்கிக்கிட்டான். பரீட்சையில் விட்டத்தைச் சாய்த்துக் கொடுத்துவிட்டார்கள். வெளியே வந்து சொல்றான்: "சார், இது நீங்க நடத்தாத தேற்றம்!" (சிரிப்பு, கைதட்டல்) எனக்குச் சிரிப்பு வரலை. மார்க் போனது அவனுக்கு. தப்பு என் படத்தில்.

அப்புறந்தான் ஜியோஜீப்ரா என்ற மென்பொருளைத் தொட்டேன். ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் என்பவர் 2001-இல் தன் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கியது. 2018 முதல் வந்த நம் பாடநூல்களில் 'இணையச் செயல்பாடு' என்ற பகுதியில் இதைப் பார்க்கலாம்.

ஒரு வட்டம், ஒரு விட்டம், வட்டத்து மேல ஒரு புள்ளி. புள்ளியைப் பிடிச்சு இழுத்தா முக்கோணம் ஒல்லியாகுது, குண்டாகுது, சாயுது. கோணம் மட்டும் 90, 90, 90! விட்டத்தைச் சாய்த்தாலும் அதே 90. அடுத்து, வட்டத்தோடு கட்டாத ஒரு புள்ளியை வைத்தேன். வட்டத்துக்குள்ளே போனா 90-ஐத் தாண்டுது. வெளியே வந்தா குறையுது. பின்வரிசைப் பொண்ணு எழுந்து கேட்டுச்சு: "ஏன் சார், வட்டத்து மேல மட்டும் சரியா 90?"

கரும்பலகையில் 20 வருஷமா இந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை, நடுவர் அவர்களே! (கைதட்டல்)

அந்த 'ஏன்' இருக்கே, அதுக்குத் திரை பதில் சொல்லாது. ஆயிரம் இடத்துல இழுத்தாலும் அது ஆயிரம் உதாரணம், நிரூபணம் ஆகாது. எதிரணிக்கு ஒரு கும்பிடு போட்டு, மறுநாள் சாக்பீஸை எடுத்தேன். வட்ட மையத்தையும் உச்சிப் புள்ளியையும் சேர்த்தேன். ஆரங்கள் சமம்; ஆக, இரண்டு இருசமபக்க முக்கோணங்கள். ஒன்றில் சமமான கோணங்கள் அ, அ. மற்றதில் ஆ, ஆ. பெரிய முக்கோணத்தில் மொத்தம் ரெண்டு அ, ரெண்டு ஆ, சேர்ந்து 180. உச்சியில் இருப்பது ஒரு அ-வும் ஒரு ஆ-வும். அப்போ எவ்வளவு? வகுப்பே கத்துச்சு, "90!" காரணம் தேடி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஐயா!

"40 பேருக்கு ஒரு கணிப்பொறி, என்ன செய்வீங்க?"ன்னு எதிரணி கேட்கும். நான் இழுத்துக் காட்டினா அது சினிமா. அதனால, முதல் நாள் நான் காட்டின பிறகு, அடுத்த பாடவேளை முழுக்கச் சுட்டியை அவங்க கையிலேயே குடுத்தேன். ஆளுக்கு ஒரு நிமிஷம். பாடவேளை 40 நிமிஷம். கணக்குச் சரியா வந்துச்சு! (சிரிப்பு)

மணி அடிச்சிட்டீங்க.