தூக்கமில்லாத வழிகாட்டி

பெருங்கப்பல் துறைமுகத்தை நெருங்கியதும், உள்ளூர் நீரோட்டங்களை நன்கறிந்த 'பைலட்' என்னும் வழிகாட்டி அதில் ஏறிக்கொள்கிறார். அதன் பிறகு கப்பல் அவர் வாய்ச்சொற்படியே திரும்புகிறது. அம்மனிதர் முந்திய இரவு தூங்கினாரா என்று விசாரிப்பவர் யார்?

அமெரிக்காவில், டெக்ஸாஸ் ராஜ்யத்துப் போர்ட் ஆர்தரில், 2010-ம் வருஷம் ஜனவரி 23-ந் தேதி 'ஈகிள் ஒட்டோமே' என்ற எண்ணெய்க் கப்பல் கால்வாயின் சிறு வளைவொன்றில் தாமதித்துத் திரும்பிற்று. நிலைதடுமாறி, கரையில் கட்டியிருந்த கப்பலொன்றில் மோதிற்று. உடனே எதிரே வந்த தோணித் தொடரும் அதன்மேல் மோதியது. சுமார் 4,62,000 காலன் எண்ணெய் தண்ணீரில் கொட்டிற்று. கப்பலில் ஒருவரல்ல, இரண்டு வழிகாட்டிகள் இருந்தார்கள் என்பதுதான் விந்தை! ரேடியோவில் பேசவேண்டியவர் இரண்டாமவர். பேசியவரோ கப்பலை நடத்திக்கொண்டிருந்த முதல்வர்.

அவருக்கு உறக்கத்தில் மூச்சு அடைபடும் வியாதி இருந்தது. அதற்குச் சிகிச்சை நடக்கவில்லை. வேலை முறையோ போதிய தூக்கத்துக்கு இடந்தரவில்லை. விசாரணையில் வெளியான இவ்விஷயங்களோடு, பைலட்டுகளை மேற்பார்க்க வேண்டிய உள்ளூர்ச் சபையின் அசிரத்தையும் கண்டிக்கப்பட்டது.

கண்பார்வையைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது சுலபம். களைப்பை அவ்வாறு அளந்துவிட முடியாது. ஆகையால் வேலை நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் சட்டமே வரையறுக்க வேண்டும். "இன்று என்னால் இயலாது" என்று ஒரு வழிகாட்டி உண்மையைச் சொன்னால், அதற்காக அவருடைய ஊதியத்தில் கைவைக்கலாகாது.