எடையும் இடையும்



மனிதன் உடல்நலத்தோடு இருக்கின்றானா என்பதை எண்களைக் கொண்டு அறிய இயலுமா? இதுவே இன்று நாம் ஆராயப்போகும் பொருள். ஓரளவு இயலும் என்பதே விடை. ஆயினும், எந்த எண்ணைக் கைக்கொள்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பொருந்தாத அளவுகோலை நம்பினால், நோயின் வாசற்படியில் நிற்கும் ஒருவர் தமக்கு யாதொரு குறையும் இல்லை என்று இருந்துவிடுவார். நலமாக உள்ள மற்றொருவரோ வீணே உணவைக் குறைத்து உடலைக் கெடுத்துக்கொள்வார். இவ்விரு தீங்கும் நம் வீடுகளில் நிகழக்கூடியவையே.

முதலில் எடையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 60 கிலோ எடை உள்ளவர் என்று சொன்ன அளவில் நமக்கு ஒன்றும் விளங்குவதில்லை. உயரமானவருக்கு அது குறைவு. குள்ளமானவருக்கு அது மிகுதி. ஆகவே எடையை உயரத்தோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும். இதற்கு எளிய வழி ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் புரோக்காவின் பெயரால் வழங்குகிறது. உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து 100-ஐக் கழித்தால், மீதி நிற்பது இருக்கத்தக்க எடை. 165 செ.மீ. உயரமுள்ளவர் 65 கிலோ இருக்கலாம் என்பது இதன் கணக்கு. மனத்திலேயே போட்டுவிடலாம். ஆனால் இது நெட்டையருக்குச் சலுகை காட்டும்; குள்ளரிடம் கண்டிப்பாக நடந்துகொள்ளும்.

பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் அடால்ஃப் கெத்தலே 1832-ஆம் ஆண்டிலேயே வேறொரு தொடர்பைக் கண்டார். வளர்ந்த மக்களின் எடை, உயரத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப அமைகிறது என்பதே அது. எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அமெரிக்க அறிஞர் ஆன்செல் கீஸ் என்பாரும் அவருடைய குழுவினரும் 1972-இல், 5 நாடுகளைச் சேர்ந்த 7,400-க்கு மேற்பட்ட ஆண்களின் அளவுகளைக் கொண்டு பல குறியீடுகளை ஒப்பிட்டு, இவ்வெண்ணே ஏற்றது எனக் கண்டு, அதற்கு உடல் நிறைக் குறியீட்டெண் எனப் பெயரிட்டனர். மருத்துவமனைகளில் பி.எம்.ஐ. என்று சொல்லப்படுவது இதுவே. அந்த ஒப்பீட்டில் பெண்கள் இடம்பெறவில்லை, இந்தியரும் இடம்பெறவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வெண் 18.5-க்குக் கீழ் இருந்தால் எடைக் குறைவு; 25-ஐ எட்டினால் மிகை எடை; 30-ஐ எட்டினால் உடற்பருமன் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த பொது வரையறை.

இதன் குறை என்ன? எங்கள் மேல்பட்டாம்பாக்கத்திற்கு அண்மையில் உள்ள பண்ருட்டி, பலாப்பழத்திற்குப் பேர் பெற்ற ஊர். ஒரே எடையுள்ள இரண்டு பழங்களை வாங்கி அரிந்து பாருங்கள். ஒன்றில் சுளை மிகுந்திருக்கும். மற்றொன்றில் தோலும் சக்கையுமே மிகுந்திருக்கும். தராசு இவ்வேறுபாட்டை அறியாது. மனித உடலும் அவ்வாறே. எலும்பும் தசையும் நீரும் கொழுப்பும் சேர்ந்ததே எடை. அவற்றுள் எது எவ்வளவு என்பதை உடல் நிறைக் குறியீட்டெண் கூறாது.

இதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. புனே நகரத்து மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் என்பாரும் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் ஜான் யூட்கின் என்பாரும் தம்முடைய அளவுகளையே ஒப்பிட்டு, 2004-ஆம் ஆண்டு லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டனர். இருவருக்கும் குறியீட்டெண் ஒன்றே; அது 22.3. ஆனால் யூட்கின் உடலில் கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கு, யாஜ்னிக் உடலிலோ 21.2 பங்கு! பார்வைக்கு மெலிந்தும் உள்ளே கொழுத்தும் இருக்கும் இவ்வியல்பு இந்தியரிடையே பரவலாகக் காணப்படுகிறது. நம்மவர்க்கு நீரிழிவு இளமையிலேயே வருவதற்கும், பெரிய உடம்பு இல்லாதவர்க்கும் வருவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம் எனலாம்.

இக்காரணத்தால் ஆசிய மக்களுக்கு 23, 27.5 என்னும் எண்களிலேயே எச்சரிக்கை கொள்ளவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல் கூறியது. இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009-இல் நமக்கென ஓர் ஒருமித்த வரையறை செய்தனர். அதன்படி 23 முதல் மிகை எடை; 25 முதல் உடற்பருமன்.

எல்லையைத் தாழ்த்திவிட்டால் போதுமா? போதாது. கொழுப்பு எவ்வளவு என்பதைப்போலவே, எங்கே தங்கியிருக்கிறது என்பதும் முக்கியம். தொடையிலும் இடுப்பிலும் தோலின் அடியே தங்கும் கொழுப்பு அவ்வளவாகத் தீங்கு செய்வதில்லை. வயிற்றினுள், குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து தங்கும் கொழுப்பே, இன்சுலின் தன் வேலையைச் செய்யவொட்டாமல் தடுத்து, நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் வழிகோலுகிறது. அதனை அறிய நாடா ஒன்று போதும்.

இங்கே சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே உள்ளதை இடை என்போம். அதற்குக் கீழே, உடல் மிக அகன்று காணும் இடத்தை இடுப்பு என்போம். இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில், வயிற்றை உள்ளிழுக்காமல், நாடா தோலை அழுத்தாதவாறு அளத்தல் வேண்டும். இந்திய ஆண்களுக்கு இடைச் சுற்றளவு 90 செ.மீ. அளவையும், பெண்களுக்கு 80 செ.மீ. அளவையும் எட்டலாகாது. இடையளவை இடுப்பளவால் வகுத்து வரும் விகிதம், ஆண்களுக்கு 0.90, பெண்களுக்கு 0.85 என்னும் எல்லைக்குள் இருத்தல் நலம்.

மூன்றாவது விகிதம் எல்லாவற்றினும் எளியது. இடையளவு உயரத்தில் பாதிக்கு மேற்படலாகாது என்பதே அது. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2022-இல் இதனையே பெரியோர்க்கு அறிவுரையாக வழங்கிற்று. தமிழில் அரை என்னும் சொல் பாதியையும் குறிக்கும்; இடையையும் குறிக்கும். எண்சாண் உடம்பு என்பது நம் வழக்கு. எட்டுச் சாண் உடம்புக்கு அரை நான்கு சாணுக்குள் அடங்கவேண்டும் என்று வைத்துக்கொண்டால் என்றும் மறவாது. உங்கள் உயரத்திற்கு ஒரு நூலை வெட்டி, அதனை இரண்டாக மடித்து இடையைச் சுற்றிப் பாருங்கள். முனைகள் இரண்டும் சேர்ந்தால் நன்று. அரைஞாண் கயிறு ஆண்டுக்காண்டு இறுகி வருவதும் இச்செய்தியையே சொல்கிறது.

இக்குறியீடுகளை இருவரிடம் பொருத்திப் பார்ப்போம். இருவரும் 165 செ.மீ. உயரமுள்ள ஆண்கள் எனக் கொள்ளுங்கள். முதல்வர் நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து எழுதுபவர். எடை 62 கிலோ, இடை 94 செ.மீ., இடுப்பு 95 செ.மீ. இரண்டாமவர் கபடி ஆட்டக்காரர். எடை 70 கிலோ, இடை 80 செ.மீ., இடுப்பு 96 செ.மீ.

உயரத்தின் வர்க்கம் 2.7225. ஆகவே முதல்வரின் குறியீட்டெண் 22.8, அவருக்குக் குறையில்லை என்கிறது அது. இரண்டாமவரின் எண் 25.7, அவர் பருமனானவர் என்கிறது. புரோக்கா கணக்கும் இதையே சொல்லும். நாடாவோ தீர்ப்பை மாற்றி எழுதுகிறது. முதல்வருக்கு இடை-இடுப்பு விகிதம் 0.99, இடை-உயர விகிதம் 0.57, இரண்டுமே எல்லை கடந்தவை. இரண்டாமவருக்கு அவை 0.83, 0.48, இரண்டும் எல்லைக்குள் அடங்கியவை. மருத்துவரிடம் சென்று இரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர், தராசு புகழ்ந்துரைத்த முதல்வரே!

நாடளாவிய கணக்கும் இதற்குச் சான்று தருகிறது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், குறியீட்டெண் 25-ஐ எட்டிய பெண்கள் இந்தியாவில் நூற்றுக்கு 24 பேர். இடை-இடுப்பு விகிதம் எல்லையை எட்டியவர்களோ நூற்றுக்கு 56.7 பேர். அளக்கும் கோல் மாறியதும், இடர் உள்ளோர் தொகை இரு மடங்கையும் மிஞ்சிவிட்டது! தமிழ்நாட்டில் குறியீட்டெண்ணால் மட்டும் பார்த்தாலும் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் மிகை எடை உடையவர்கள்.

அப்படியானால் தராசை எறிந்துவிடலாமா? கூடாது. எடைக் குறைவை அறியவும், காலப்போக்கில் நிகழும் மாற்றத்தை அறியவும் அது இன்றியமையாதது. 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், சிற்றூர்க் குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை உரியவாறு ஏறாத குழந்தைகளைக் கண்டறிந்து கூடுதல் உணவு அளித்தனர். ஒரு நாள் எடையைவிட, மாதாமாதம் எடை செல்லும் போக்கே அங்கே வழிகாட்டியாயிற்று. பெரியோருக்கும் இந்த உண்மை பொருந்தும்.

இனி, உங்களுக்கென்றே ஒரு சொல். நான் மேலே கூறிய எல்லைகள் வளர்ச்சி முற்றியவர்களுக்கு உரியவை. பள்ளி மாணவர்களாகிய நீங்கள் வளரும் பருவத்தினர். உங்கள் குறியீட்டெண்ணை வயதுக்கும் பாலுக்கும் ஏற்ற வளர்ச்சி வரைபடத்தில் வைத்தே மருத்துவர் பொருள் காண்பார். ஆகவே, 23 என்னும் எண்ணைப் பிடித்துக்கொண்டு காலை உணவைத் துறக்காதீர்கள். வகுப்பில் பருத்த தோழனையோ மெலிந்த தோழியையோ பட்டப்பெயர் சொல்லி அழைக்காதீர்கள். எத்தனையோ ஆண்டுகள் பள்ளியில் பழகிய நான், கேலிக்கு அஞ்சி விளையாட்டுத் திடலுக்கே வராமல் ஒதுங்கிய பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு வேண்டியது ஓட்டமும் ஆட்டமும். கேலி அதனையே பறித்துவிட்டது.

பருமனை உறுதி செய்யக் குறியீட்டெண்ணோடு இடையளவு போன்ற வேறோர் அளவையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்றும், உறுப்புகள் செம்மையாக இயங்குகின்றனவா என்பதையும் ஆராயவேண்டும் என்றும் 2025-இல் லான்செட் இதழின் பன்னாட்டு வல்லுநர் குழு அறிவித்துள்ளது. தேர்வில் மொத்த மதிப்பெண்ணை மட்டும் கண்டு எந்த நல்லாசிரியரும் மாணவனை எடைபோடுவதில்லை, பாடவாரியாகப் பார்ப்பார். உடலையும் அவ்வாறே பார்த்தல் வேண்டும்.

இன்று மாலையே உங்கள் வீட்டுப் பெரியவர்களை அமர்த்தி இச்செய்தியைச் சொல்லுங்கள். ஒரு நூலும் ஒரு நாடாவும் எடுத்துக்கொள்ளுங்கள். தந்தையாரின் அரை, உயரத்தில் பாதியைக் கடந்திருந்தால், அவரை அச்சுறுத்தாமல் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் கற்ற வகுத்தற்கணக்கிற்கு இதைவிட நல்ல பயன் வேறு இருக்க முடியாது.