மழையைப் பங்கு பிரிக்கும் மலை

கொச்சியின் மட்டாஞ்சேரியில் எங்கே பள்ளம் பறித்தாலும் பாறை தட்டுப்படாது. மணலும் சேறும்தான் வரும். ஆறுகள் கொண்டுவந்து கொட்ட, கடல் அலைத்து ஒதுக்கிய நிலம் இது. அந்த மண்ணில் ஒரு பங்கின் பூர்வீகம் இடுக்கி மலைகள். அங்கே, சூரியநெல்லிக்கு மேலே, தேனி மாவட்ட எல்லையை ஒட்டி நிற்கிறது மீசைப்புலிமலை.

உயரம் 2,640 மீட்டர். ஊட்டியின் தொட்டபெட்டாவே 2,637தான். ஆனால் தொட்டபெட்டாவின் உச்சிவரை கார் போகும். இங்கே கடைசிப் பகுதி முழுக்க நடைதான்: ஒரு முகடு ஏறி, சரிவில் இறங்கி, மறுபடி அடுத்த முகடு. அதனால்தானோ என்னவோ, பெயர் பெரிதாகப் பரவவில்லை.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். கொச்சியில் 30 டிகிரி என்றால் உச்சியில் 13 அளவுதான். டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனியும் விழும். வெட்டவெளியில் முளைத்த மரக்கன்று அதில் கருகிவிடும்; புல்லோ வேரிலிருந்து மறுபடி தழைக்கும். மலைமுதுகில் புல்வெளியும் மடிப்புகளில் மட்டும் சோலைக்காடுமாக இருப்பதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று. இங்கே சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரானின் நெருங்கிய உறவு இருப்பது இமயமலையில். பூமி குளிர்ந்திருந்த காலத்தில் தெற்கே பரவிய இனம், வெப்பம் ஏறியதும் உயரங்களில் ஒதுங்கி உயிர் பிழைத்தது என்று கருதுகிறார்கள்.

ஜூன் மாதம் அரபிக்கடலிலிருந்து வரும் மேகம் கொச்சியைக் கடந்து இந்த மலைச்சுவரில் முட்டுகிறது. மேலே ஏறுகிறது, குளிர்கிறது, மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்க்கிறது. அந்தத் தண்ணீர் முதிரப்புழை வழியாகப் பெரியாற்றில் சேர்ந்து, மலையை அரித்த மண்ணோடு கொச்சிக் காயலுக்கு வருகிறது. 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம்தான் பழைய முசிறித் துறைமுகத்தைத் தூர்த்து, கொச்சித் துறைமுகத்தின் வாயைத் திறந்தது என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. அப்படிப் பார்த்தால், மட்டாஞ்சேரியின் மிளகுச் சந்தைக்கு அடித்தளம் போட்டதும் மலைவெள்ளம்தான்.

முகட்டைத் தாண்டிய காற்றில் ஈரம் அதிகம் மிச்சமில்லை. கொச்சியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை. தேனிச் சமவெளியில் ஆயிரத்துக்கும் குறைவு. மார்ச் மாதத்தில் கிழக்குச் சரிவின் புல் வைக்கோலாகக் காய்ந்திருக்கும். 2018 மார்ச் 11 அன்று, மீசைப்புலிமலைக்குத் தெற்கே கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மீசைப்புலிமலை ஏறக் கேரள வன மேம்பாட்டுக் கழகத்தின் அனுமதி வேண்டும், வழிகாட்டியும் வேண்டும். பாதை எவ்வளவு செங்குத்து என்று விசாரிப்பவர்கள், எந்தச் சரிவில் எந்த மாதம் நடக்கப்போகிறோம் என்பதையும் சேர்த்து விசாரிக்க வேண்டும். மலையில் ஆபத்தை நிர்ணயிப்பது உயரம் மட்டும் அல்ல, மழை எந்தப் பக்கம் விழுந்தது என்பதும்தான்.