ஒரு வீடு... ரெண்டு வாசல்!

ஒரு ஹாஸ்டல் ரூம். உள்ளே ரெண்டு கட்டில். இந்தக் கட்டில்காரருக்கும் அந்தக் கட்டில்காரருக்கும் ஏழாம் பொருத்தம். இவர் ஃபேன் போட்டால் அவர் அணைப்பார். அவர் போஸ்டர் ஒட்டினால் இவர் கிழிப்பார். ஒரு செமஸ்டர் முழுக்க இப்படி ஓடினாலே வார்டனுக்குத் தலை சுற்றும். இதே கூத்து 78 வருஷம் நடந்தால்..?

‘ரூமை மாத்திக்க வேண்டியதுதானே பாஸ்?’ என்கிறீர்களா? அங்கேதான் விஷயமே இருக்கு. இத்தாலியின் மிலான் நகரத்தில் அப்படி ஒரு ‘ரூம்’ உண்டு. சும்மா ரூம் இல்லீங்க, சுமார் 75,000 பேர் உட்காரும் ரூம்! பெயர் சான் சீரோ. அந்த ரூம்மேட்ஸ், ஏ.சி. மிலான், இன்டர் மிலான். ஐரோப்பாவையே கலக்கிய ரெண்டு கால்பந்து அணிகளுக்கும் சொந்த மைதானம் இந்த ஒண்ணேதான்!

பொதுவாக, சொந்த மைதானம் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? நம்ம கொடி, நம்ம கலர், நம்ம சத்தம். எதிரி உள்ளே நுழையும்போதே அவனுக்கு வயிற்றைக் கலக்க வேண்டும். ஆனால், அந்த எதிரிக்கும் அதுதான் வீடு என்றால்? வாங்க, உள்ளே போய்ப் பார்ப்போம்.

தனிக்குடித்தனம் போன தம்பி!

முதலில் பிறந்தது மிலான். வருஷம் 1899. ஹெர்பர்ட் கில்பின் உள்ளிட்ட இங்கிலாந்துக்காரர்கள் ஆரம்பித்த கிளப் அது. கால்பந்தோடு சேர்த்து கிரிக்கெட்டுக்கும் அப்போது கிளப்பின் பெயரிலேயே இடம் இருந்தது என்றால் நம்புவீர்களா?

ஒன்பது வருஷம் கழித்து உள்ளே சண்டை. ‘வெளிநாட்டுக்காரங்களை டீம்ல சேர்த்துக்கலாமா, கூடாதா?’ சேர்க்கலாம் என்ற கோஷ்டி 1908 மார்ச்சில் வெளியே வந்து ஒரு புது கிளப் தொடங்கியது. எல்லா நாட்டுக்காரர்களுக்கும் கதவு திறந்திருக்கும் என்று சொல்ல, பெயரையே ‘இன்டர்நாசியோனாலே’ என்று வைத்தார்கள். அதன் சுருக்கம்தான் இன்டர்.

ஆக, ரெண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பங்காளிச் சண்டை என்றால் சும்மாவா? மிலான் ரசிகர்கள் பட்டறைத் தொழிலாளிகள் என்பதால், அவர்களுக்கு உள்ளூர் பாஷையில் ‘ஸ்க்ரூடிரைவர்’ என்று பட்டப்பெயர். இன்டர் ரசிகர்கள் கொஞ்சம் வசதியான வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு வைத்த பட்டப்பெயருக்கு நம்ம ஊர் அர்த்தம், ‘பந்தா பார்ட்டி’! இன்று ரெண்டு பக்கமும் எல்லா மாதிரி ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால், கிண்டல் மட்டும் பழசு மாறாமல் இருக்கு.

கிரகப்பிரவேசத்திலேயே அடி!

சான் சீரோவைக் கட்டியது மிலான். அப்போதைய கிளப் தலைவர் பியரோ பிரெல்லி. ஆமாம், டயர் கம்பெனி பிரெல்லி குடும்பம்தான். குதிரைப் பந்தய மைதானத்துக்குப் பக்கத்திலேயே இடம் பார்த்து, சுமார் 35,000 பேர் உட்காரும்படி கட்டினார்கள். 1926 செப்டம்பர் 19-ம் தேதி திறப்பு விழா. விருந்தாளியாக யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? இன்டரை! வந்த விருந்தாளி என்ன பண்ணினார்? 6-3 என்று வீட்டுக்காரரை அடித்துவிட்டுப் போனார். ஆரம்பமே அமர்க்களம்!

1935-ல் மைதானம் நகராட்சி கைக்குப் போனது. இன்டரோ, நெப்போலியன் காலத்தில் கட்டிய ‘அரேனா’ என்ற மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கூட்டம் பெருகப் பெருக அங்கே இடம் பத்தவில்லை. 1947-ல் பெட்டி, படுக்கையோடு சான் சீரோவுக்குக் குடி வந்தது. தனிக்குடித்தனம் போன தம்பி, அண்ணன் கட்டிய வீட்டுக்கே வாடகைக்கு வந்த கதை. அண்ணனும் அதற்குள் வாடகைக்காரர்தான் என்பது தனி காமெடி.

இன்னொரு கூத்தையும் கேளுங்க. மிலானுக்காக மைதானம் கட்டிய பிரெல்லி கம்பெனியின் பெயர், 1995-லிருந்து 2021 வரை இன்டர் ஆட்டக்காரர்களின் நெஞ்சில்தான் ஸ்பான்சராக இருந்தது!

பேரைச் சொன்னால் ஆளைச் சொல்லலாம்!

இந்த வீட்டுக்குப் பெயரும் ரெண்டு. 1980-ல் அதற்கு ‘ஜியூசெப்பே மியாட்சா’ என்று பெயர் சூட்டினார்கள். 1934, 1938 உலகக் கோப்பைகளை ஜெயித்த இத்தாலிய அணியின் ஹீரோ அவர். ரெண்டு கிளப்புக்கும் ஆடியவர்தான். ஆனால் இன்டரில் ஆடிய காலம் ரொம்ப அதிகம், மிலானில் கொஞ்ச நாள்தான். அதனால், மிலான் ரசிகர் வாயில் அந்தப் பெயர் வரவே வராது. அந்த வட்டாரத்தின் பெயரான சான் சீரோதான் அவருக்கு! மியாட்சா என்று ஒருவர் சொன்னால், பெரும்பாலும் அவர் இன்டர் கட்சி என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாம்.

உள்ளேயும் பாகப்பிரிவினை பக்கா. கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் தெற்கு கேலரி மிலானின் தீவிர ரசிகர்களுக்கு. வடக்கு கேலரி இன்டருக்கு. இந்த வாரம் சிவப்பு-கறுப்புக் கொடி, அடுத்த வாரம் நீலம்-கறுப்புக் கொடி. அதே புல், அதே கம்பம், அதே நாற்காலி. ஆனால், வீட்டுக்காரர் வேறு!

சொந்த வீட்டில் ‘வெளியூர்’ கோல்!

இப்போது உங்கள் லாஜிக்கைக் கொஞ்சம் சோதிக்கலாமா? 2003 மே மாதம். சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. மிலானும் இன்டரும் மோத வேண்டும். ஆளுக்கு ஒரு தடவை சொந்த மைதானத்தில் ஆட வேண்டும். ரெண்டு ஆட்டமும் எங்கே? சான் சீரோவில்தான்!

முதல் ஆட்டம், மிலானின் ‘சொந்த’ ஆட்டம். 0-0. ஆறு நாள் கழித்து இன்டரின் ‘சொந்த’ ஆட்டம். மிலானுக்கு ஷெவ்சென்கோ ஒரு கோல் போட்டார். இன்டருக்கு மார்ட்டின்ஸ் என்ற சின்னப் பையன் ஒன்று போட்டார். 1-1. மொத்தக் கணக்கும் 1-1. யார் ஜெயிச்சது? மிலான்!

எப்படி? கணக்கு சமமாக நின்றால், வெளியூரில் அதிக கோல் போட்ட அணிக்கே வெற்றி என்று அப்போது ஒரு விதி இருந்தது. ரெண்டாவது ஆட்டம் இன்டரின் வீட்டு ஆட்டம். அதனால், ஷெவ்சென்கோ போட்டது ‘வெளியூர் கோல்’. வாரா வாரம் ஓடி விளையாடிய அதே புல்லில் மிலான் அன்றைக்கு விருந்தாளி! ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காமல் இன்டர் வெளியே போனது. மிலான் பைனலுக்குப் போய், யுவென்டஸைத் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கியது. அந்த விதியையே 2021-ல் எடுத்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

யோசித்துப் பாருங்கள். இடம் மாறவில்லை. தூரம் ஒரு அடிகூட இல்லை. ஆனாலும், ‘இன்னிக்கு இது யார் வீடு?’ என்ற கேள்விக்கு ஒரு கோப்பையின் தலையெழுத்தையே மாற்றும் பலம் இருந்தது!

இன்டர் இதற்கெல்லாம் வட்டியோடு வசூல் செய்தது. 2024 ஏப்ரல் 22-ம் தேதி, மிலானின் ‘சொந்த’ நாளில், 2-1 என்று மிலானை ஜெயித்து, தன் 20-வது லீக் பட்டத்தை அங்கேயே உறுதி செய்தது. அடுத்தவர் வீட்டு விசேஷத்தில் போய்த் தன் பிறந்த நாள் கேக் வெட்டிய மாதிரி!

புகைக்கு நடுவே ஒரு தோள்

ஜாலி மட்டும் இல்லை, அசிங்கமும் நடந்திருக்கு. 2005 ஏப்ரல் 12. மறுபடியும் சாம்பியன்ஸ் லீக், இந்த முறை காலிறுதி. மிலான் முன்னிலை. இன்டர் போட்ட ஒரு கோலை நடுவர் செல்லாது என்றதும் இன்டர் ரசிகர்கள் பக்கமிருந்து தீப்பந்த மழை. ஒன்று மிலான் கோல்கீப்பர் டிடாவின் தோளில் விழுந்தது. கடைசியில் ஆட்டம் பாதியில் ரத்து. வெற்றி மிலானுக்கு. இன்டருக்கு அபராதம், ஆளில்லா மைதானத்தில் ஆடும் தண்டனை.

ஆனால், அன்றைக்கு எடுத்த ஒரு போட்டோதான் இன்றுவரை பேசப்படுகிறது. மைதானம் முழுக்கச் சிவப்புப் புகை. ஆட்டம் எப்போது தொடங்கும் என்று தெரியாமல் ரெண்டு பேர் நின்று பார்க்கிறார்கள். இன்டரின் மட்டராஸி, மிலானின் ரூயி கோஸ்டா. முரட்டு ஆள் என்று பெயர் எடுத்த மட்டராஸி, எதிரியின் தோளில் முழங்கையை ஊன்றி நிற்கிறார். ரெண்டு பேரும் நமக்கு முதுகு காட்டி, எரிகிற வீட்டைப் பார்க்கிறார்கள். ஒரே வீட்டில் வளர்ந்த பங்காளிகளுக்குத்தான் அப்படி நிற்க வரும்!

எல்லா ரூம்மேட்ஸுக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் பேயர்ன் மியூனிக், 1860 மியூனிக் ரெண்டும் சேர்ந்து கட்டிய அலியான்ஸ் அரேனா 2005-ல் திறந்தது. பேயர்ன் ஆடினால் வெளிச்சுவர் சிவப்பாக ஒளிரும், 1860 ஆடினால் நீலமாக. சூப்பர் ஐடியாதான். ஆனால், அடுத்த வருஷமே பணக் கஷ்டத்தில் 1860 தன் பாதிப் பங்கை பேயர்னிடமே விற்றது. 2017-ல் மூட்டை கட்டிக்கொண்டு பழைய சின்ன மைதானத்துக்கே திரும்பிப் போனது. சொந்தக்காரராக வந்து, வாடகைக்காரராக இருந்து, வெளியேறிய கதை!

வீட்டை வாங்கினார்கள்... இடிக்க!

சரி, சான் சீரோவுக்கு வருவோம். 1955-ல் ரெண்டாவது அடுக்கு எழும்பியது. 1990 உலகக் கோப்பைக்காக மூன்றாவது அடுக்கும், 11 கான்கிரீட் கோபுரங்களும், சிவப்பு உத்தரங்களோடு கூரையும் வந்தன. அந்த உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், நடப்புச் சாம்பியன் அர்ஜென்டினாவை கேமரூன் 1-0 என்று சாய்த்தது இங்கேதான். கூரை வந்ததும் வெயிலும் காற்றும் குறைந்து, புல் ஒழுங்காக வளராமல் படுத்தியது தனிக் கதை.

வயசாகிவிட்டது வீட்டுக்கு. வாடகை வீட்டில் இருந்துகொண்டு, சொந்த மைதானம் வைத்திருக்கும் பெரிய கிளப்களோடு வருமானத்தில் போட்டி போட முடியாது என்பது ரெண்டு கிளப்பின் வாதம். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கு. நல்ல ஆட்டக்காரர்களை வாங்கப் பணம் வேண்டாமா?

2025 செப்டம்பர் இறுதியில் நகர மன்றத்தில் விடிய விடிய விவாதம். 24 பேர் விற்கலாம் என்றார்கள், 20 பேர் கூடாது என்றார்கள். நவம்பர் 5-ம் தேதி பத்திரம் முடிந்தது. சுற்றியுள்ள நிலத்தோடு சேர்த்து விலை 19.7 கோடி யூரோ. வாங்கியது யார்? மிலானும் இன்டரும், கூட்டாக!

எதற்கு அவ்வளவு அவசரம் தெரியுமா? இத்தாலியில் 70 வயது தாண்டிய பொதுக் கட்டடங்களுக்குப் பாரம்பரியப் பாதுகாப்பு வந்துவிடும். 1955-ல் எழுந்த ரெண்டாவது அடுக்குக்கு 70 முடிய இருந்தது அதே நவம்பரில்தான். இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் கை வைக்க முடியாது!

திட்டம் இதுதான்: பக்கத்திலேயே 71,500 பேர் உட்காரும் புது மைதானம். அது தயாராகும்வரை பழைய வீட்டில் ஆட்டம். அப்புறம், ரெண்டாவது அடுக்கின் ஒரு சின்னப் பகுதியை மட்டும் ஞாபகத்துக்கு வைத்துக்கொண்டு மீதியை இடிப்பது.

கவனித்தீர்களா? 1908-ல் பிரிந்தவர்கள், எல்லாவற்றிலும் முட்டிக்கொண்டவர்கள், புது வீடும் சேர்ந்தேதான் கட்டப் போகிறார்கள். நடுவில் ஆளுக்கு ஒரு பக்கம் தனியாக இடம் தேடிப் பார்த்தார்கள். கடைசியில் சுற்றிச் சுற்றி அதே வாசலுக்கு வந்து நின்றார்கள். எதிரி இல்லாத வீட்டில் அவர்களுக்கும் தூக்கம் வராது போல!

நஷ்டம் யாருக்கு? அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் ஆட்டம் பார்க்க, சுருள் சுருளாகச் சுற்றும் அந்தச் சரிவுப் பாதையில் ஏறிய ரசிகருக்கு. ‘வழவழன்னு புது மைதானம் வரும், சரி. அதில் என் சம்பளத்துக்கு டிக்கெட் கிடைக்குமா?’ என்று கேட்கும் அந்த ‘ஸ்க்ரூடிரைவர்’ ஆளுக்கு. கிளப்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. கோல் போடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் வந்தாலும், கேலரியில் கத்துகிறவர் வெளியே நின்றால், அது வெறும் கட்டடம்தானே!

நீங்களும் ஒரு நாள் ஹாஸ்டல் ரூமைக் காலி பண்ணுவீர்கள். அந்தச் சுவரில் அடுத்த பேட்ச் வேற பெயின்ட் அடிக்கும். அன்றைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்கும்போது, பக்கத்துக் கட்டில்காரரும் வாசலில் நிற்பார். நாலு வருஷம் ஃபேனுக்குச் சண்டை போட்டவர்தான்.

சும்மா அவர் தோளில் ஒரு கையை ஊன்றிப் பாருங்கள், பாஸ். தட்டிவிட மாட்டார்!